திரைப்படங்களில் கெட்ட வார்த்தைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெட்ட வார்த்தை என்று இங்கே எதைக் குறிப்பிடுகிறோம்?

வசவு என்ற ஒரே பெயருக்குள் தமிழில் குறைந்தது மூன்று வகைச் சொற்கள் அடங்கியிருக்கின்றன. உடலுறுப்பையும் புணர்ச்சியையும் பச்சையாகச் சொல்பவை ஒரு வகை. எதிரில் நிற்பவனைத் திட்டுவதற்காக அங்கே இல்லாத அவன் தாயையும் சகோதரியையும் இழுத்து, அவர்களுடைய ஒழுக்கத்தைப் பழிப்பவை இன்னொரு வகை. சாதி, நிறம், ஊனம், கைம்மை, பாலினம் ஆகியவற்றைச் சொல்லி ஆளைத் தாழ்த்துபவை மூன்றாவது வகை. திரைப்படத்தில் கெட்ட வார்த்தை பெருகிவிட்டது என்று குறைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டை மட்டுமே மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். மூன்றாவதைக் கேட்டுச் சிரிக்கப் பழகிவிட்டோம் என்பதால் அது கணக்கில் வருவதில்லை. அதைப் பற்றிக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

தமிழ் மரபில் இத்தகைய சொற்களுக்கு இடமே இல்லையா?

இருந்தது, ஆனால் இடம் பார்த்து இருந்தது. முக்கூடற்பள்ளில் ஒரே பள்ளனின் மனைவியரான மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் பகுதியைப் படித்தவர்களுக்கு, வசை என்பது கவிதைக்கு ஆகாத பொருள் என்ற எண்ணம் நிற்காது. தெருக்கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் பேசுகிற கொச்சையும் ஊரறிந்தது. மறுபக்கம், பலர் நடுவே சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வதற்கு இடக்கரடக்கல் என்று பெயரிட்டு, மங்கலம், குழூஉக்குறி ஆகியவற்றோடு சேர்த்துத் தகுதி வழக்கில் ஒன்றாக நன்னூல் வைத்திருக்கிறது. தொல்காப்பியமும் 'அவையல் கிளவி'யை, அதாவது அவைக்கு ஆகாத சொல்லை, மறைத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. இரண்டு நூல்களிலும் கவனிக்க வேண்டியது, சொல் ஒழிக்கப்படவில்லை என்பதுதான். எந்த அவையில் நின்று பேசுகிறோம் என்பதைப் பார்க்கச் சொன்னார்கள். கூத்து நடக்கும் இடத்தில், நள்ளிரவுக்கு மேல் கட்டியங்காரன் எப்படிப் பேசுவான் என்பது உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். திரைப்படத்துக்கு அப்படி நிலையான அவை கிடையாது. வெள்ளிக்கிழமை திரையரங்கில் ஓடிய படமே ஒரு மாதத்துக்குப் பிறகு கூடத்துத் தொலைக்காட்சியிலும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பேசியிலும் ஒலிக்கிறது. இன்றைய சிக்கலில் பாதி இதிலிருந்து வருகிறது என்பது என் கருத்து.

முன்பு தமிழ்ப் படங்களில் இப்படி இல்லையே. எப்போது, எதனால் மாறியது?

ஒரே நாளில் மாறவில்லை. ஒரே காரணத்தாலும் மாறவில்லை. படப்பிடிப்பு அரங்கத்துக்குள்ளிருந்து தெருவுக்கும் கிராமத்துக்கும் போன காலத்திலேயே மேடைத் தமிழ் உதிர்ந்து வட்டார வழக்கு உள்ளே வந்துவிட்டது. வட்டார வழக்கு வந்தால் அதோடு அதன் வசவும் வரும். இருந்தும் நீண்ட காலம் வசவுக்கு மாற்றாகச் சில செல்லச் சொற்களை வைத்தே வசனகர்த்தாக்கள் சமாளித்தார்கள்.

அந்தச் சமாளிப்புக்குப் பின்னால் பணக் கணக்கும் ஒன்று இருந்தது. தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று 2006இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2011இல் அதற்கு நிபந்தனைகள் கூடின. படம், எல்லா வயதினரும் பார்க்கலாம் என்பதற்கான 'யு' சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வரி விலக்கு என்பது படத்தின் லாப நட்டத்தையே மாற்றக்கூடிய தொகை. ஆகவே 'யு' வாங்குவதற்காக வசனத்தை மாற்றுவதும், கேட்ட இடத்திலெல்லாம் ஒலியை நீக்கித் தருவதும் தயாரிப்பாளர்களுக்கு இயல்பான வேலையாயிற்று. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது பழைய கேளிக்கை வரி அமைப்பு கலைந்தது. அந்த விலக்கும் அதோடு போயிற்று. ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தால் இவ்வளவு ரூபாய் மிச்சம் என்ற கணக்கு இல்லாமற்போன பிறகு, விட்டுக்கொடுப்பதற்கான அவசரமும் குறைந்தது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் ஓடிடி தளங்கள் தமிழ்நாட்டுக்குள் வந்தன. இரண்டும் சேர்ந்ததன் விளைவைத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறோம். பண்பாடு சீரழிந்தது என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்த வரிக் கணக்கையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

தணிக்கை வாரியம் இருக்கும்போது இவை எப்படி வெளியே வருகின்றன?

1983 முதல் அந்த அமைப்பின் பெயரில் 'தணிக்கை' என்ற சொல் இல்லை. அது மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம். பேச்சு வழக்கில் நாம் மட்டும் 'சென்சார்' என்பதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். வாரியம் 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி இயங்குகிறது. 1991இல் வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிகளில், கொச்சையாலும் ஆபாசத்தாலும் மனித உணர்வு புண்படக் கூடாது என்பதும், கீழான உணர்ச்சிகளுக்குத் தீனி போடும் இரட்டை அர்த்தச் சொற்கள் இடம்பெறக் கூடாது என்பதும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால் படத்தை முழுமையாகப் பார்த்து, அதன் ஒட்டுமொத்தத் தாக்கத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்பதும் அதே நெறிகளில் உண்டு. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியில்தான் ஒவ்வொரு படத்துக்கும் பேரம் நடக்கிறது.

வகைகளும் மாறியிருக்கின்றன. 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 'யுஏ' என்ற ஒற்றை வகை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்தது. 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தைப் 18 வயது நிறையாதவர்களுக்குத் திரையிடுவது குற்றம். ஆனால் 'யுஏ' எண்கள் பெற்றோருக்கான அறிவுறுத்தல் மட்டுமே. 16+ போட்ட படத்துக்குப் பத்து வயதுப் பிள்ளையை அழைத்துவரும் தந்தையை வாசலில் நிறுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. 'ஏ' படத்துக்கே மடியில் குழந்தையோடு வந்து உட்காருகிறவர்களைப் பார்த்திருக்கிறோம் என்பதால், எண்களால் மட்டும் பெரிய மாற்றம் வரும் என்று நான் நம்பவில்லை.

சொல்லை மியூட் செய்துவிட்டால் போதாதா?

போதாது; பல நேரங்களில் அது காரியத்தைக் கெடுக்கிறது. தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை படப்பிடிப்புக்குப் பிறகு டப்பிங் பேசப்படுகின்றன. ஆகவே உதட்டசைவுக்குப் பொருந்தும் வேறு சொல்லைத் தேடிப் பேசவைக்க வழி இருக்கிறது. ஆனால் வெளியீட்டுக்கு நான்கு நாள் முன்பு சான்றிதழுக்காக உட்காரும்போது நடிகரை மறுபடி வரவழைக்க நேரம் இருக்காது. அந்த ஒரு சொல்லின் ஒலியை மட்டும் எடுத்துவிட்டுப் படத்தைக் கொடுத்துவிடுவார்கள். திரையில் உதடு அசையும், ஒலி நின்றுபோகும், அந்த அரை விநாடிக்குள் அரங்கத்தில் பாதிப் பேர் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லி முடிப்பார்கள். ஒலித்திருந்தால் காதில் விழுந்து கடந்து போயிருக்கக்கூடிய சொல், ஒலிக்காமற்போனதால் ஊரே சேர்ந்து சொல்கிற சொல்லாகிவிடுகிறது. அருகில் இருக்கும் பிள்ளை, 'அவர் என்னப்பா சொன்னாரு?' என்று கேட்பதும் அப்போதுதான்.

இதை அறிந்தே மியூட்டை நம்பி எழுதப்படும் வசனங்களும் வந்துவிட்டன. நீக்கப்படும் என்று தெரிந்தே சொல்லை வைப்பது, நீக்கப்பட்ட இடத்தில் கைதட்டல் வாங்குவது என்று அது ஓர் உத்தியாகவே ஆகிவிட்டது.

தடை செய்யப்பட்ட சொற்களின் பட்டியல் ஏதேனும் உண்டா?

நடைமுறையில் இல்லை. 2015 பிப்ரவரியில் வாரியத்தின் அப்போதைய தலைவர் பஹ்லாஜ் நிஹலானி காலத்தில் ஆங்கில, இந்தி வசைச் சொற்களைக் கொண்ட ஒரு பட்டியல் சுற்றுக்கு விடப்பட்டது. வாரிய உறுப்பினர்களிடமிருந்தே எதிர்ப்பு வந்ததும் அது நிறுத்தி வைக்கப்பட்டது. பட்டியல் போடுவது தமிழுக்கு இன்னும் கடினம். 'புறம்போக்கு' என்பது வருவாய்த்துறை ஆவணத்தில் நிலத்தின் வகை. தெருச் சண்டையில் ஆளின் வகை. அந்தச் சொல்லைத் தடை செய்தால் கிராம நிர்வாக அலுவலரைப் பற்றிப் படம் எடுக்க முடியாது.

சான்றிதழ் இல்லாமல் முன்னோட்டங்களில் மட்டும் எப்படி வருகின்றன?

திரையரங்கில் காட்டப்படும் முன்னோட்டத்துக்குச் சான்றிதழ் வேண்டும்; யூடியூபில் ஏற்றப்படும் முன்னோட்டம் வாரியத்தின் முன் வருவதில்லை. 2017 நவம்பரில் வெளியான 'நாச்சியார்' முன்னோட்டத்தில் ஜோதிகா ஒரு வசைச்சொல்லைப் பேசியதும், 2023 அக்டோபரில் 'லியோ' முன்னோட்டத்தில் விஜய் பேசியதும் படம் வருவதற்கு முன்பே நாடெங்கும் விவாதமாயின. கண்டனத்துக்குப் பிறகு 'லியோ' முன்னோட்டத்தில் அந்தச் சொல் மியூட் செய்யப்பட்டது; திரையரங்குக்கு வந்த படத்தில் அது ஒலிக்கவே இல்லை. அதாவது, படத்துக்குப் பணம் கொடுத்து வந்தவர்கள் கேட்காத சொல்லை, கேட்கலாமா என்று யாரும் கேட்காத நிலையில் கைப்பேசி வைத்திருந்த சிறுவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள்.

'நாச்சியார்' விவாதத்தில் இன்னொன்றும் தெரிந்தது. அதே வகைச் சொற்களை ஆண் நடிகர்கள் பேசியபோது எழாத அதிர்ச்சி, ஒரு நடிகை பேசியபோது எழுந்தது. பெண்ணைப் பழிக்கும் சொல்லைப் பெண் பேசினாள் என்பதுதான் பலருக்கு உறுத்தியதே தவிர, அந்தச் சொல் பெண்ணைப் பழிக்கிறது என்பது உறுத்தவில்லை.

ஓடிடி தளங்களுக்குக் கட்டுப்பாடே கிடையாதா?

முன்தணிக்கை கிடையாது, விதி உண்டு. 2021 பிப்ரவரியில் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, தளங்களே தம் படைப்புகளை யு, யுஏ 7+, 13+, 16+, ஏ என்று வகைப்படுத்த வேண்டும். மொழி, வன்முறை, பாலியல் போன்றவற்றில் எதற்காக அந்த வகை என்பதைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். 13+ முதல் மேலுள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு இருக்க வேண்டும். 'ஏ' வகைக்கு வயதை உறுதி செய்யும் ஏற்பாடும் வேண்டும். பூட்டு இருக்கிறது என்பதும் அதை எப்படிப் போடுவது என்பதும் வீட்டில் பெரும்பாலும் தெரிந்திருப்பது பிள்ளைக்குத்தான்.

ஓடிடியில் மிகுதியாக வருவதற்கு எழுத்து சார்ந்த காரணமும் உண்டு. நாற்பது நிமிடப் பகுதிகளாக எட்டு மணி நேரத்தை நிரப்ப வேண்டிய தொடரில், இரண்டு பாத்திரங்களுக்கு இடையிலான பகையை வளர்ப்பதற்கு வசனகர்த்தாவுக்கு உழைப்பு தேவை. வசவு அந்த உழைப்பை மிச்சப்படுத்துகிறது. ரவுடி, காவலர், கல்லூரி மாணவி, வங்கி மேலாளர் எல்லாரும் ஒரே வசவை ஒரே தொனியில் பேசும் தொடர்களைப் பார்த்தால் இது விளங்கும். அங்கே வசவு பாத்திரத்தைக் காட்டவில்லை, அழித்துவிடுகிறது.

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன?

வசவும் ஆபாசமும் ஒன்றல்ல என்பதுதான் சாரம். 'பாண்டிட் குயின்' என்ற இந்திப் பட வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஊர்களிலும் தெருக்களிலும் அன்றாடம் காதில் விழும் சில வசைச் சொற்களைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை என்றும், படத்தில் வந்ததற்காக வயது வந்த எவரும் அவற்றைப் பேசத் தொடங்கப் போவதில்லை என்றும் கருதியது. ஓடிடி வந்த பிறகு இதே கேள்வி மறுபடி எழுந்தது. 'சுருளி' என்ற மலையாளப் படத்தின் மொழியை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட மனுவைக் கேரள உயர் நீதிமன்றம் 2022இல் தள்ளுபடி செய்தது. மாணவர்களைப் பற்றிய ஓர் இந்தி வலைத்தொடர் வழக்கில் தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி, தம் அறையில் காதுக்கருவி மாட்டிக்கொண்டுதான் தொடரைக் கேட்க முடிந்தது என்று தீர்ப்பிலேயே எழுதினார். ஆனால் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. கோபத்திலும் எரிச்சலிலும் வெளிப்படும் வசவு கேட்கச் சகிக்காததாக இருக்கலாம். காம இச்சையைத் தூண்டாத வரை அதுவே ஆபாசம் ஆகிவிடாது என்பது அதன் விளக்கம்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தாலும், பொது இடத்தில் ஆபாச வார்த்தை பேசியதற்கான இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவு 294(பி) இல்லாத அடிதடி வழக்கைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 296ஆம் பிரிவாகிவிட்டது. திரைக்கு ஒரு நியாயம், தெருவுக்கு ஒரு நியாயம் என்று ஒருவர் அலுத்துக்கொண்டால் பதில் சொல்வது எளிதல்ல.

'எதார்த்தம்' என்ற வாதம் எந்த அளவுக்குச் சரி?

ஓரளவு சரி. காவல் நிலையச் சித்திரவதையைக் காட்டும் காட்சியில் காவலர் 'நீ நல்லவனா?' என்று கேட்டு அடித்தால் அது பொய். அடிக்கு முன்னால் விழும் சொல்தான் அந்த வன்முறையின் முதல் அடி. சாதியின் பெயரால் ஒருவனை எப்படி விளிக்கிறார்கள் என்பதைக் காட்டாமல் சாதிக் கொடுமையைக் காட்ட முடியாது. இத்தகைய இடங்களில் சொல்லை எடுத்துவிட்டால் கொடுமை செய்தவனின் முகம்தான் மென்மையாகிறது.

ஆனால் எதார்த்தம் என்று சொல்பவர்கள் பலர் அதை ஓர் ஊருக்கும் ஒரு வகுப்புக்கும் மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வடசென்னை என்றால் வசவு, மதுரை என்றால் அரிவாளும் வசவும். அந்த ஊர்களில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களும் மீன் விற்கிறவர்களும் கேரம் ஆடுகிறவர்களும் நாள் முழுக்கத் திட்டிக்கொண்டா இருக்கிறார்கள்? பெருநிறுவன அலுவலகத்தின் குளிரூட்டப்பட்ட அறையில் ஆங்கிலத்தில் விழும் வசவும் எதார்த்தமே. அதைக் கேட்டு யாரும் அந்த வகுப்பே இப்படித்தான் என்று முடிவு கட்டுவதில்லை. ஏழைகளின் வாயில் வைக்கப்படும் வசவுக்கு மட்டும் அவர்களுடைய அடையாளம் என்ற பெயர் கிடைத்துவிடுகிறது.

தவிர, வசவிலும் வட்டாரம் உண்டு. நெல்லையில் திட்டுவதுபோல் கோவையில் திட்டமாட்டார்கள். உறவுமுறையை வைத்து நக்கலாகக் குத்துவது ஓர் ஊரின் வழக்கம், சாபமிடுவது இன்னோர் ஊரின் வழக்கம். 'சாவுகிராக்கி' என்று ஒரு சென்னை ஆட்டோக்காரர் சொல்வதில் வாடிக்கையாளரும் சாவும் வியாபாரமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. எதார்த்தத்தைத் தேடும் வசனகர்த்தா இந்த வளத்துக்குப் போகாமல், எல்லா ஊருக்கும் பொதுவான இரண்டு மூன்று சொற்களையே திரும்பத் திரும்ப எழுதுவதை எதார்த்தம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

'யு' சான்றிதழ் படம் என்றால் நிம்மதியாகப் பார்க்கலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இவ்வளவு நேரமும் வந்துகொண்டிருந்தேன். காமம் சார்ந்த சொல்லைத் தேடிப் பிடிக்கும் காதுக்கு, அவமானம் சார்ந்த சொல் பெரும்பாலும் கேட்பதில்லை. 'கம்மனாட்டி' என்ற சொல்லைப் பல பத்தாண்டுகளாகக் குடும்பத்தோடு பார்த்த நகைச்சுவைக் காட்சிகளில் கேட்டிருக்கிறோம். அது கைம்பெண்டாட்டி என்பதன் திரிபு. கணவனை இழந்த பெண்ணின் நிலையையே இழிவாக்கி ஓர் ஆணைத் திட்டும் சொல்லைக் குழந்தைகள் பள்ளிக்குக் கொண்டுபோனபோது யாரும் மனு போடவில்லை. கறுப்பாக இருப்பவரை, பருமனாக இருப்பவரை, திக்கிப் பேசுபவரை, கால் ஊனமுற்றவரை, திருநங்கையரைக் கூப்பிடுவதற்குத் தமிழ் நகைச்சுவைக் காட்சிகள் உண்டாக்கி வைத்திருக்கும் அகராதி மிகப் பெரியது. அதில் கணிசமான பகுதி 'யு' சான்றிதழோடு வந்தது.

மாற்றுத்திறனாளிகளைத் திரையில் சித்திரிப்பது குறித்து 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்கள் தந்தது. ஊனத்தோடு கூடிய வாழ்க்கையைப் பற்றிச் சிரிப்பதற்கும், ஊனமுற்றவரை இழிவுபடுத்திச் சிரிப்பதற்கும் வேறுபாடு உண்டு என்று அது பிரித்துக் காட்டியது. இந்தப் பிரிப்பை எல்லா வசவுக்கும் நீட்டிப் பார்த்தால், நாம் மியூட் செய்கிற சொற்களில் சில நீடிக்கும். மியூட் செய்யாத பல சொற்கள் விழுந்துபோகும்.

பிற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவின் தரவரிசை முறையில், கடுமையான பாலியல் வசைச்சொல் ஒன்று ஒருமுறை மட்டும் வந்தால், பெற்றோரை எச்சரிப்பதோடு நிற்கும் பிஜி-13 என்ற வகை கிடைக்கலாம். பொதுவாக அதற்கு மேல் வந்தாலோ, அந்தச் சொல் பாலியல் பொருளிலேயே வந்தாலோ, பெரியவர் துணையின்றிச் சிறுவர் பார்க்க முடியாத ஆர் என்ற வகைக்குப் போய்விடும். எண்ணிக்கையை அளவாகக் கொண்ட இந்த முறை எனக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது. பிரிட்டனில் படத்தின் மொழி எவ்வளவு கடுமையானது, எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதைப் பார்வையாளருக்கு முன்கூட்டியே விரித்துச் சொல்கிறார்கள். நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது இதுதான். பயணச்சீட்டுச் செயலியில் '16+' என்று காட்டுவதோடு நிற்காமல், 'தாயைப் பழிக்கும் வசவுகள் பல இடங்களில் வருகின்றன' என்று ஒரு வரி சேர்த்தால் யாருக்கு என்ன நட்டம்?

புகார் செய்ய வேண்டுமென்றால் எங்கே செய்வது?

ஓடிடி என்றால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத வேண்டும். அவர் 15 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நிறைவில்லையெனில் தளங்களின் சுயஒழுங்கு அமைப்புக்கும், அதற்கு மேல் அரசின் மேற்பார்வைக் குழுவுக்கும் போகலாம். திரையரங்கில் 'ஏ' படத்துக்குச் சிறுவர்களை அனுமதித்தால் காவல்துறையில் புகார் செய்யலாம். எப்படியிருந்தாலும் எந்தப் படம், எந்தப் பகுதி, எத்தனையாவது நிமிடம், என்ன வகை என்று காட்டப்பட்டது என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். 'பண்பாடு கெடுகிறது' என்று மட்டும் எழுதினால் அவர்கள் எடுக்கக்கூடிய நடவடிக்கை எதுவும் இல்லை.

பிள்ளையோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று வந்துவிட்டால்?

ரிமோட்டைத் தேடிப் பாயாதீர்கள். அந்தப் பதற்றம் மியூட் செய்கிற வேலையையே செய்யும். பிள்ளை கேட்டால், அது ஒருவரை மிகவும் கேவலப்படுத்துவதற்காகச் சொல்லும் சொல் என்றும், யாரைக் கேவலப்படுத்துகிறது என்றும் சொல்லிவிடலாம். ஏழு வயதுக்கு அவ்வளவு போதும். பதினான்கு வயதுப் பையனுக்கு அந்தச் சொல்லின் பொருள் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அது அவன் அம்மாவைப் போன்ற ஒருவரைப் பற்றியது என்பது மட்டும் அவனுக்குத் தோன்றியிருக்காது.